ரொட்டிக்கு இரண்டு சொட்டு

குராம் மனைவி எத்தேரியைக் கைகளில் ஏந்திக்கொண்டு அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது திபிலிசி நகரமே இருண்டு கிடந்தது. அந்தக் குளிர்காலத்தில் மின்சாரம் போவது புதிதல்ல. வார்டு முழுக்க மண்ணெண்ணெய் அடுப்பின் புகை. புகைக்கு அடியில் ரத்தபேதியின் வாடை.

எத்தேரி கனமே இல்லாமல் இருந்தாள். எந்த ஊசிக்கும் அவள் வயிற்றுக் கிருமி மசியவில்லை. அழவேண்டும் என்று குராமுக்குத் தோன்றியது. அழுகைதான் வரவில்லை.

நர்ஸ் நனூலி சிறு கண்ணாடிக் குப்பி ஒன்றின் கழுத்தை ஒடித்தாள். உள்ளே மஞ்சள் நீர்.

"கிருமியைத் தின்னுற கிருமி, தம்பி. கோழி ரசம் மாதிரி இருக்கும், உப்புதான் இருக்காது. மாமியார் சமையல்னு நெனச்சுக் குடிக்கட்டும்."

"இதை எங்கேர்ந்து எடுத்தீங்க, அக்கா?"

"இதே கட்டில்ல கிடந்த சியாலாவோட கழிவுலேர்ந்து. வளர்த்து எடுக்கறதுக்குள்ள அவ போயிட்டா." நனூலி ஒரு ரொட்டித் துண்டை அருகே இழுத்தாள். "செத்தவங்களுக்காகக் குடிக்கறப்ப ரொட்டியில சிந்துவோமே, அப்படி முதல்ல அவளுக்கு ரெண்டு சொட்டு. அது அவ பங்கு."

குராம் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஒரு சொட்டுகூட வீணாக்காதீங்க. என் பொண்டாட்டி பிழைக்கணும்."

"பங்கு கேட்டு வருவா, தம்பி."

"வரட்டும்."

நனூலி ரொட்டியைத் தள்ளி வைத்தாள். மருந்தை எத்தேரியின் வாயில் ஊற்றினாள்.

எத்தேரி விழுங்கினாள்.

கட்டிலிலிருந்தே இன்னொரு விழுங்கல் கேட்டது.

"நீங்களா, அக்கா?" குராம் கிசுகிசுத்தான்.

அடுப்பு வெளிச்சத்தில் நனூலியின் உதடுகள் இறுக மூடியிருந்தன.

ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். மருந்து ஒரு வாய். விழுங்கும் சத்தம் இரண்டு. குராமுக்கு அதுவும் மரத்துப்போயிற்று. பேதி நின்றது. எத்தேரி எழுந்து உட்கார்ந்தாள். வீடு திரும்பினாள்.

அக்கம்பக்கத்தார் மேசையைச் சுற்றிக் கூடினார்கள். எதிர்வீட்டு வாஜா திராட்சை மதுவை உயர்த்தினான்.

"எங்க எத்தேரிக்கு நூறாயுசு! டேய் குராம், உன் சமையல்லேர்ந்து தப்பிச்சதே பெரிய விஷயம்டா!"

கோப்பைகள் கலகலவென்று மோதிக்கொண்டன.

எத்தேரியின் கோப்பை மட்டும் எதனோடும் மோதவில்லை. அவள் அதைச் சாய்த்து, தன் ரொட்டியில் இரண்டு சொட்டு சிந்தினாள்.

"பாவம் எத்தேரி," என்றாள். "நல்ல பொண்ணு."

சிரிப்பு அடங்கியது.

அவள் குடித்தாள். ஒரு விழுங்கல்.

குராம் காத்திருந்தான்.

இரண்டாவது விழுங்கல் வரவேயில்லை.