நாற்பத்தொன்றாம் கொக்கி

1977 ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு நான் ரேணிகுண்டாவில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கையில் ஒரு தகரப்பெட்டி. சட்டைப் பையில் ஐயர் என்று நாங்கள் கூப்பிடுகிற சித்தூர் மிஷன் கோயில் பாதிரியார் எழுதிக் கொடுத்த கடிதம். 'ஜெபதாஸ் நல்ல குடும்பத்துப் பிள்ளை. பொய் சொல்லமாட்டான்' என்று அதில் இருந்தது. இதைப் படிக்கிறவர்களும் அந்த ஒரு வரியை நம்பினால் போதும்.

சீலிங் ஃபேன் செய்கிற கம்பெனி அது. சூப்பர்வைசர் சிவசங்கரன் என்னை முதல் ஷெட்டுக்கு அழைத்துப் போய் மேலே கையைக் காட்டினார். கூரையை ஒட்டி, பதினைந்தடி உயரத்தில் ஓர் இரும்புப் பாதை. அதில் முடிவில்லாமல் ஒரு செயின் ஓடிக்கொண்டிருந்தது. செயினிலிருந்து இரண்டு முழத்துக்கு ஒரு கொக்கி தொங்கியது. நான் நிற்கிற இடத்தில் பாதை தாழ்ந்து கைக்கு எட்டும். வருகிற ஒவ்வொரு கொக்கியிலும் மூன்று ஃபேன் இறக்கைகளை மாட்ட வேண்டும். அவை மேலேறி, உயரமான மேடையில் ஆள் நின்று அடிக்கிற பெயிண்ட் அறைக்குள் போய், ஈரம் சொட்டச் சொட்ட உச்சியிலேயே முப்பதடி தூரம் போய்ச் சூளைக்குள் நுழையும். சூளையில் காய்ந்து, சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டாவது ஷெட்டில் இறங்கும். அங்கே ஒருவர் கழற்றி அடுக்குவார். காலிக் கொக்கிகள் கூரை ஓரமாகவே என்னிடம் திரும்பும். ஒரு சுற்றுக்கு ஐம்பது நிமிடம்.

"எருமை மாதிரி மெதுவா தான் போவும். ஆனா எருமை மாதிரியே, நடுவுல நீ பூந்தா நிக்காது" என்று சிவசங்கரன் சிரித்தார்.

கொக்கிகளில் எண் வெட்டியிருந்தது. நாற்பத்தொன்றில் மட்டும் சிவப்புப் பெயிண்ட் பட்டை.

"அதுல ஒண்ணும் மாட்டாதே."

"ஏன் சார்?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "மாட்டாதேன்னா மாட்டாதே."

அந்தக் கம்பெனியில் ஒரு பழக்கம் இருந்தது. பதினொரு மணிக்கு எல்லாரும் தங்கள் சாப்பாட்டுத் தூக்கை என்னிடம் கொண்டு வந்து கொடுப்பார்கள். இறக்கைகளுக்குப் பதில் தூக்குகளைக் கொக்கியில் மாட்டி அனுப்புவேன். பெயிண்ட் அறையில் சம்பத் அண்ணன் தூக்கைப் பார்த்ததும் பெயிண்ட் பீய்ச்சுகிற துப்பாக்கியிலிருந்து விரலை எடுத்துவிடுவார். தூக்குகள் நனையாமல் சூளைக்குள் போய், ஆவி பறக்க அந்தப் பக்கம் இறங்கும். சாப்பாட்டு மணி அடிக்கும்போது எல்லாருக்கும் சுடச்சுடச் சோறு.

ஒருவருக்கு மட்டும் இல்லை.

இரண்டாவது ஷெட்டில் இறக்கைகளைக் கழற்றுகிற சந்திரம்மா. முப்பது வயதிருக்கும். மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது, அவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து ஆறிப்போன களியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருப்பார். அவரோடு யாரும் பேசுவதில்லை.

சம்பத் அண்ணனிடம் கேட்டேன். அவர் முகமூடித் துணியைக் கழற்றாமலே பேசினார்.

"ஏம்பா, வந்த மூணாவது நாளே இதெல்லாம் உனக்கெதுக்கு? அந்தம்மா வூட்டுக்காரன் எத்திராஜு. நீ நிக்கிற எடத்துல தான் நின்னுக்கினு இருந்தான். போன வருசம் ஒரு நாள், செயின் ஓடிக்கினு இருக்கும்போதே மேல ஏறிட்டான். கழுத்துத் துண்டு பல்சக்கரத்துல மாட்டிக்கிச்சு, அங்கியே செத்துட்டான். நாப்பத்தொண்ணு தான் அப்ப அங்க இருந்த கொக்கி. கம்பெனி, பாவம்னு பொண்டாட்டிக்கு வேலை குடுத்துச்சு."

"எதுக்கு ஏறினாராம்?"

"எனக்கு இன்னா தெரியும்?" என்றவர் சட்டென்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் நான் தொட்டிக்குப் பின்னால் போனேன்.

"அக்கா, திரும்பி வர்ற காலிக் கொக்கி ஏதாவது ஒண்ணுல உங்க தூக்க மாட்டி வுடுங்க. நான் இந்தப் பக்கம் எடுத்து மத்தவங்களோடதோட சேத்து அனுப்புறேன். சூடா துன்னலாம்."

அவர் என்னையே பார்த்தார். "வேணாம் தம்பி. எங்கூட நல்லா பேசுற ஜனங்களுக்கு நல்லது ஆவறதில்ல."

"எங்க அக்காவுக்கு நான் தினமும் அடுப்பு ஊதி குடுத்தவன். எனக்கு என்ன ஆயிடும்?"

வெள்ளிக்கிழமை காலை, தொண்ணூறாம் கொக்கியில் ஒரு பழைய அலுமினியத் தூக்கு ஆடியாடி வந்தது. மூடியில் ஆணியால் கீறிய 'எ'. அதைச் சூளை வழியாக அனுப்பினேன். அன்று மதியம் அந்த அம்மாள் சூடான களியும் கருவாட்டுக் குழம்பும் தின்பதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு காலிக் கொக்கி ஒன்றில் ஒரு சின்னக் கிண்ணம் வந்தது. எனக்காக இரண்டு துண்டு கருவாடும் குழம்பும். அவ்வளவு ருசியான குழம்பை நான் தின்றதில்லை.

மூன்று மணிக்கு இரண்டாவது ஷெட்டில் சத்தம் கேட்டது.

பன்னிரண்டு இறக்கைகள் வீணாகியிருந்தன. ஒவ்வொன்றிலும் பெயிண்டுக்குள் அழுந்திய ஐந்து விரல்கள்.

"இது மூணாவது தடவை" என்று சிவசங்கரன் சந்திரம்மாவைப் பார்த்துக் கத்தினார். "போன மாசம் தோட்டக்காரன் உனக்கு மாங்காய் குடுத்தான், அன்னிக்கு ஆச்சு. ஆயுத பூசை அன்னிக்கு வாட்ச்மேன் பொரி குடுத்தான், அன்னிக்கும் ஆச்சு. உன் ராசியோ உன் கையோ எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை ஆனா கணக்கு தீர்த்து அனுப்பிடுவேன்."

சந்திரம்மா வீணான இறக்கைகளைக் குனிந்து பொறுக்கினார். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு வழி கிடையாது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

நான் ஒரு இறக்கையைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தேன். தடம் கல்லைப் போல இறுகியிருந்தது. சந்திரம்மா தொடுவது சூளையிலிருந்து வந்த பிறகு. இந்தத் தடம் பெயிண்ட் ஈரமாக இருந்தபோது விழுந்தது. பெயிண்ட் அறைக்கும் சூளைக்கும் நடுவில் விழுந்தது.

அங்கே இறக்கைகள் பதினைந்தடி உயரத்தில் போகின்றன.

அங்கே யார் கையும் எட்டாது.

மாலையில் பஸ் நிறுத்தத்தில் சந்திரம்மாவிடம் அதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் தம்பி. அது எங்க வூட்டுக்காரரு கை தான். மோதிர விரலு வளைஞ்சிருக்கும், பார்த்தியா? கெட்டவரு இல்ல. ஆனா நான் யாருக்காச்சும் தண்ணி மொண்டு குடுத்தா கூட அவருக்குப் பொறுக்காது. வூட்டுக்கு வந்த என் சொந்தத் தம்பிக்குக் குழம்பு ஊத்துனேன்னு ரெண்டு நாளு துன்னாம கெடந்தாரு. கடைசி ஒரு மாசம் தினமும் வந்து கேப்பாரு, 'தூக்குல குழம்பு கொறையுது, எவனுக்கு குடுக்குற'ன்னு. நான் யாருக்குக் குடுக்க? கட்டி அனுப்புறதோட சரி."

"இனிமே தூக்கு அனுப்பாதீங்க அக்கா."

"அனுப்பல."

அப்படியே முடிவு செய்தோம். நான் அவரோடு பேசுவதையும் நிறுத்தினேன். ஒரு நல்ல மனுஷி மறுபடியும் ஆறின களி தின்பதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு கரண்ட் போனது.

செயின் ஒரு முறை குலுங்கி நின்றது. ஓயாத அந்த 'டக், டக்' சத்தம் அடங்கியதும் ஷெட்டே கிணறு மாதிரி ஆகிவிட்டது. ஆட்கள் காற்று வாங்க வெளியே போனார்கள். கூரைத் தகரம் வெயிலில் முறுகுகிற ஓசை மட்டும் கேட்டது.

எனக்கு நேர் எதிரே, காலிக் கொக்கிகள் திரும்புகிற பக்கத்திலிருந்து வந்து நின்றிருந்தது நாற்பத்தொன்று.

அதில் ஒரு தூக்கு தொங்கியது.

மூடியில் 'எ'.

அனுப்பமாட்டேன் என்றாரே என்று நினைத்துக்கொண்டே கையை வைத்தேன். சுட்டுவிட்டது. சூளை பக்கமே போகாமல் வந்த தூக்கு, நெருப்பாய்ச் சுட்டது. கழுத்தில் முடிந்திருந்த துண்டின் முனையால் பிடித்து மூடியைத் திறந்தேன். உள்ளே வழித்துத் துடைத்த மாதிரி காலி. கருவாட்டுக் குழம்பின் வாசனை வந்தது. அதோடு கருகிய மயிரின் நாற்றமும்.

குனிந்து பார்த்தேன்.

"எவன் துன்னான்?"

காதுக்குள் யாரோ ஊதியதுபோல அவ்வளவு மெதுவாக அந்தக் குரல் கேட்டது.

நிமிர முடியவில்லை. என் கழுத்துத் துண்டின் முடிச்சுக்குள் கொக்கி நுழைந்திருந்தது.

கரண்ட் இல்லை.

செயின் நகர்ந்தது.

டக்.

என் குதிகால் தரையை விட்டது. விரல் நுனியில் நின்றேன். பத்தடி தள்ளி, பாதை திரும்புகிற இடத்தில், பல்சக்கரம் தானாகச் சுழன்றுகொண்டிருந்தது.

டக்.

"எவன் துன்னான்?"

கர்த்தாவே என்னைக் காப்பாற்றும் என்று மனதுக்குள் கதறினேன். அப்போது அந்தக் குரல் எனக்கு வேறு மாதிரி கேட்டது. கோபத்துக்குக் கீழே ஒரு ஏக்கம் இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் தின்னாத பிள்ளை, அடுத்த பிள்ளையின் தட்டைப் பார்த்துக் கேட்கிற குரல் அது. என்னை விட்டுவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"மாமா... பசிக்குதா?"

செயின் நின்றது.

கதவருகே ஏதோ விழுகிற சத்தம். சம்பத் அண்ணன் முழங்காலில் விழுந்திருந்தார். முகமூடித் துணி கையில் இருந்தது. அவர் முகத்தை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.

"அவன வுட்டுடு எத்திராஜு!" என்று அழுதார். "நான் தான்டா துன்னேன். பெயிண்ட் ரூமுல தூக்கு வர்றப்பல்லாம் ஒரு வாயி எடுத்துக்கினேன். உன் பொண்டாட்டி குழம்பு வாசனைக்கு மனசு கேக்கல. எங்க வூட்டுல அப்படி ஆக்கிப் போட ஆளு இல்ல. உனக்கு அப்படி ஒருத்தி இருந்தாளேன்னு எனக்குப் பொறாமைடா. அன்னிக்கு நீ எவன் துன்றான்னு பாக்கத் தான் ஏறினே. எனக்குத் தெரியும். ஒரு வருசமா வாயத் தொறக்கல. அந்தம்மா மேல ஒரு குத்தமும் இல்லடா..."

முடிச்சு தளர்ந்தது. நான் தரையில் விழுந்தேன். தூக்கு மட்டும் கொக்கியில் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று மாலை சம்பத் அண்ணன் சந்திரம்மாவின் எதிரிலும் போய் நின்று அதையே சொன்னார். சந்திரம்மா கையிலிருந்த தூக்கைக் கீழே வைத்தார். பிறகு, "ஒரு வாயி சோறு தானே அண்ணா. என்னக் கேட்டிருந்தா தனியா ஒரு தூக்கு கட்டிக் குடுத்திருப்பேனே" என்றார். சம்பத் அண்ணனை அந்த வார்த்தை அடித்த மாதிரி எந்த அடியும் அடித்திருக்காது.

மறுநாள் சந்திரம்மா இரண்டு தூக்கு கொண்டுவந்தார். 'எ' போட்ட தூக்கில் முதல் கரண்டிக் களியும் குழம்பும். அதை நானே நாற்பத்தொன்றில் மாட்டினேன். பெயிண்ட் அறையில் சம்பத் அண்ணன் துப்பாக்கியைக் கீழே வைத்து, அந்தத் தூக்கு கடந்து போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் இறங்கியபோது தூக்கு காலியாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு இறக்கையிலும் தடம் விழவில்லை. சந்திரம்மாவின் வேலைக்கும் ஆபத்து வரவில்லை. மற்றவர்களோடு வட்டத்தில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்டார். அவர் குழம்புக்குத்தான் அங்கே எப்போதும் போட்டி.

செத்தவர்களுக்குச் சோறு வைப்பது எங்கள் சபையில் வழக்கமில்லை. மனது உறுத்தியதால் ஐயரிடம் போய்ச் சொன்னேன். "வைக்கிறது சரியா தப்பான்னு நான் சொல்லமாட்டேன் ஜெபதாஸ். ஆனா பசிக்குதான்னு ஒருத்தனைக் கேட்டது தப்பே இல்ல" என்றார்.

1984இல் கம்பெனியை மூடினார்கள். செயினை வெட்டி எடைக்குப் போட்டார்கள். நான் சித்தூருக்கே திரும்பிவிட்டேன்.

போன மாதம் புத்தூர் வழியாகப் போனபோது சந்திரம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அக்கா தலை நரைத்திருந்தது. சமையலறை உத்தரத்தில் அந்தத் தூக்கு தொங்கியது. அது மாட்டியிருந்த கொக்கியில் சிவப்புப் பட்டை. சம்பத் அண்ணன் பழைய இரும்புக் குவியலில் தேடி எடுத்துக் கொடுத்தாராம்.

நல்ல பகல் வெளிச்சம். தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தம். களியும் கருவாட்டுக் குழம்பும் தட்டில் விழுந்ததும், பசியில் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. பேச்சு சுவாரசியத்தில் அக்காவும் மறந்துவிட்டார். நான் முதல் வாய் எடுத்து வைத்தேன்.

டக்.

அக்காவின் கை அப்படியே நின்றது.

"தம்பி," என்று மெதுவாகச் சொன்னார், "அவருக்கு இன்னும் வைக்கல."

எழுந்துபோய் ஒரு கரண்டி எடுத்துத் தூக்கில் போட்டார். ஆடிக்கொண்டிருந்த தூக்கு அமர்ந்தது. நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவத் தட்டை எடுத்தேன்.

தட்டின் விளிம்பில், வழிந்திருந்த குழம்பில், ஐந்து விரல் தடம். மோதிர விரல் வளைந்திருந்தது.

தொட்டுப் பார்த்தேன். சூளையிலிருந்து இறங்கியதைப் போல் இறுகிக் காய்ந்திருந்தது.