லேவன்ஹூக் திருநாள்

அன்று லேவன்ஹூக் திருநாள். ஈரோட்டுத் தெருக்களில் ஆளாளுக்கு வாயைத் திறந்து பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். எதிரில் வருபவர் நுண்விழியால் உற்றுப் பார்த்து, ஒரு கிருமிகூட இல்லையென்றால் கைதட்டுவார். கிருமியைப் பெரிதாக்கிக் காட்ட, கருவிழியோடு தைத்த அந்த வில்லை வந்தபிறகு முளைத்த வழக்கம் இது. அட, அந்த மனுஷன் லேவன்ஹூக் செய்தது என்ன? பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் ஊரில் ஜவுளி விற்றவர். தானே தேய்த்த கடுகளவு வில்லையில் தன் பல்லழுக்கைப் பார்த்தார். போதாதென்று, ஆயுளில் பல்லே துலக்காத கிழவர் ஒருவரின் வாயழுக்கையும் வாங்கிப் பார்த்து, அதில் நீந்திய குட்டி உயிர்களைக் கண்டு பூரித்துப்போனார். அவர் பூரித்ததைப் பார்த்து நாம் பயந்து செத்தோம்.

வஞ்சிக்குக் கைதட்டத் தெம்பில்லை. நாற்பது நாள் மகள் தேன்மதி தோளில் துவண்டு கிடந்தாள். குடித்த பால் உடம்பில் ஒட்டவேயில்லை. டாக்டர் ஷகீலா கதவைச் சாத்திக்கொண்டுதான் சொன்னார்.

"வயித்துல ஒரு கிருமிகூட இல்லம்மா. பாலுக்கு உறைமோர் மாதிரி, இவளுக்கும் ஒரு மனுஷ வாயிலேர்ந்து உறை வேணும். உங்க வாயும் சுத்தம், என் வாயும் சுத்தம். ரெண்டு நாள்தான் தாங்குவா."

பக்கத்து வீட்டுப் பொன்னாத்தா போன மாதம் சிரித்தபோது பல்லிடுக்கில் ஏதோ நெளிந்ததை வஞ்சி பார்த்திருந்தாள். கிருமியைக் கண்டால் நுண்விழி யாரையும் கேட்காது. தானே சுகாதாரக் காவலுக்குப் புகார் அனுப்பிவிடும். அவளைப் பிடித்துப்போனவர்கள் கொஞ்சமாவது மிச்சம் வைத்திருக்க மாட்டார்களா என்ற நப்பாசையில் அவள் ஓடினாள்.

விஷயத்தைக் கேட்ட பொன்னாத்தா வாயைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒன்றுமே அசையவில்லை.

"பத்து நாள் புடிச்சு வெச்சுக் கழுவி உட்டாங்க கண்ணு. உன்ற கண்ணு பண்ணுன வேலை."

வஞ்சி குழந்தையை அணைத்தபடி வாசலிலேயே உடைந்து அழுதாள். பொன்னாத்தா தெருவை இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கூட்டுக்காரரு வெளியூருன்னுதான் எல்லார்த்துகிட்டயும் சொல்லிருக்கறேன். உள்ளதான் இருக்கறாரு. எனக்குப் புரை விழுந்த கண்ணுன்னு வில்லை தெக்கல, அதனால தப்பிச்சாரு. பல்லு வெளக்கி ஆறு வருசமாச்சு. புள்ளயக் குடு. ஆனா நீ கண்ணத் தொறக்கப்படாது. பாத்தீன்னா அவரையும் கழுவிப்போடுவாங்க."

வஞ்சி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மகளை நீட்டினாள். காலடி ஓசை. வெற்றிலை வாடை. இச்சென்று ஒரு முத்தம். "எஞ் சாமி" என்றது ஒரு கரகரத்த குரல். இன்னொரு முத்தம்.

தேன்மதி இருமினாள். மறுபடி இருமினாள். அப்புறம் சத்தமே இல்லை.

"அக்கா, என்னாச்சு? அக்கா!"

"ஒண்ணுமில்ல, மூடிக்க!" என்றாள் பொன்னாத்தா.

எந்தத் தாய் நம்புவாள்? வஞ்சி கண்ணைத் திறந்துவிட்டாள்.

அவர் கறைப்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். தேன்மதி பிறந்ததிலிருந்து முதன்முறையாகச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தாள். அவள் உதட்டில் குட்டி உயிர்கள் நூற்றுக்கணக்கில் நெளிந்தன, சுழன்றன, துள்ளின. இத்தனை அழகான எதையும் வஞ்சி அதுவரை பார்த்ததில்லை.

அதற்குள் புகார் போய்விட்டிருந்தது. பார்வையின் ஓரத்தில் சிவப்பாக இரண்டு பெயர்கள் மின்னின: ராக்கியப்பன், வயது ஐம்பத்தெட்டு. தேன்மதி, வயது நாற்பது நாள்.