இனிப்பில்லாத கஞ்சி

தோள்பட்டை எரிந்தது. மெக்சிகோவின் கான்கூனில் ஓட்டல் கட்டடத்துக்கு வாரம் முழுக்கக் கல் சுமந்த வலி. கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தூங்காமல், கூட வேலை செய்யும் வில்பெர்த், செபோவோடு காட்டுக்குள் இடிந்து கிடக்கும் மாயா கோபுரத்தைப் பார்க்கக் கிளம்பினேன். எங்கள் பாட்டன்மார் கட்டியது. அவர்களும் கல் சுமந்தவர்கள்தான்.

செபோவின் அம்மா சுரைக்குடுவையில் மக்காச்சோளக் கஞ்சி கொடுத்தனுப்பியிருந்தாள். இனிப்புச் சேர்க்காதது. கோபுரத்தைக் காக்கும், கண்ணில் படாத குள்ளச் சாமிகளுக்கு அதை வைத்துவிட்டுத்தான் படியில் கால் வைக்க வேண்டும்.

போகிற வழியிலேயே தண்ணீர் தீர்ந்தது. வில்பெர்த் கஞ்சியைக் குடித்துவிட்டான்.

"டேய், அது உனக்கா குடுத்தாங்க?" செபோ கத்தினான்.

"பின்ன, கொதிக்கிற கோலாவ நான் குடிக்கவா? குள்ளன் குடிக்கட்டும் மச்சான்." பையிலிருந்த கோலாவைக் குடுவையில் ஊற்றி, படியில் வைத்தான்.

ஏறினோம், இறங்கினோம். கடைசி வேனைப் பிடிக்க வேண்டும். திங்கள் காலை வேலையில் நிற்காவிட்டால் எங்கள் இடத்தில் வேறு ஆள் நிற்பான்.

நடந்தோம். பாதை எங்களைத் திரும்பவும் கோபுரப் படியிலேயே கொண்டுவந்து விட்டது.

மறுபடி நடந்தோம். மறுபடி அதே படி.

"வழி தெரியும்னியேடா!" செபோவிடம் கத்தினான் வில்பெர்த்.

"இதுதான்டா வழி. வேற வழியே கெடையாது."

பறவைச் சத்தம் நின்றுபோயிருந்தது. ஈரச் சுண்ணாம்பு நாற்றம். முழங்கால் உயரத்தில் யாரோ சீழ்க்கை அடித்தார்கள்.

வில்பெர்த்தின் பிடரியில் ஒரு கூழாங்கல் விழுந்தது.

குடுவை கவிழ்ந்து கிடந்தது. படியெல்லாம் கோலா. அதில் ஓர் எறும்புகூட இல்லை.

செபோ மண்டியிட்டான். "மன்னிச்சிருங்க சாமிகளா," என்று முணுமுணுத்தான். "அடுத்த ஞாயித்துக்கெழம நல்ல கஞ்சி கொண்டாந்து வைக்கிறோம்."

அடுத்த நடையில் சாலை வந்தது. வேனும் கிடைத்தது. குடுவையை எடுக்க எவனுக்கும் தைரியமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கு மேஸ்திரியிடம் லீவு கேட்டோம்.

"லீவா? தளம் யாரு போடுவா, ஒங்க மாமனாரா?"

அதற்கடுத்த ஞாயிறும் அதே பதில். கேட்டுக் கேட்டு வாய்தான் வலித்தது.

இப்போது தினமும் காலையில், முந்தின நாள் போட்ட ஈரத் தளத்தில் காலடிகள். என் உள்ளங்கை அளவுதான். கட்டடத்தின் படிக்கட்டுப் பக்கமிருந்து வருவதில்லை. சுவரில்லாமல் வெட்டவெளியாக இருக்கும் மாடி ஓரத்திலிருந்து உள்ளே வருகின்றன. மேஸ்திரி எங்களைத் திட்டித் திட்டிப் பூசச் சொல்கிறான். பூசுகிறோம்.

இன்று அவை நாங்கள் கல் அடுக்கும் இடம்வரை வந்திருந்தன. முடிந்த இடத்தில் செபோ அம்மாவின் குடுவை, நிமிர்த்தி வைக்கப்பட்டு, காலியாக இருந்தது.

மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மேஸ்திரி கீழேயிருந்து கத்திக்கொண்டிருந்தான்.

ஒரு குடுவை கஞ்சி, இனிப்பில்லாமல். இன்னும் கொடுக்கவில்லை.