பத்தொன்பதாம் கொக்கி

"விடுதியிலிருந்து அக்கா ஓடிப்போயிட்டான்னு சொன்னாங்க. அப்போ எனக்குப் பத்து வயசு. ஓடினவ என்னைத் தேடி ஏன் சார் வரல? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க," என்றாள் வந்தவள். தலை நரைத்துவிட்டது, கோபம் மட்டும் நரைக்கவில்லை.

துப்பறிவாளர் நிதானமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். முந்திரிக்கொட்டையான அவருடைய டைப்பிஸ்ட் அதற்குள் குடையோடு வாசலில் நின்றான்.

தர்ம சபையின் பெண்கள் சீர்திருத்த விடுதியை மூடிப் பல வருஷங்களாகிவிட்டன. திங்கட்கிழமை இடிக்கப்போகிறார்கள். தங்கையும் அவர்களோடு வந்திருந்தாள். சலவைக்கூடத்தில் கால் வைத்ததுமே டைப்பிஸ்ட்டுக்கு உடம்பு சிலிர்த்தது. குழாயில் தண்ணீர் நின்று எத்தனையோ காலம். சோப்பு வாடை இன்னும் போகவில்லை. சுவர் நெடுக ஏப்ரன் மாட்டும் கொக்கிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அங்கே பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

"சார், எல்லாக் கொக்கியிலும் பெயிண்ட் தேய்ஞ்சு கிடக்கு. பத்தொன்பதும் முப்பத்திரண்டும் மட்டும் பளபளன்னு இருக்கே! பேய் கீய்..."

"பேய் இருக்கட்டும். பெயிண்ட் எப்போ அடிச்சது?"

"இவங்க அக்கா, அந்தப் பத்தொன்பது, ஓடினதுக்கு அப்புறம்தான்," என்றாள் கூடவே வந்த, அந்த நாளில் விடுதியை நடத்திய கிழத் தாயார். குரலில் சுரத்தே இல்லை.

துப்பறிவாளர் தாயார் கொண்டுவந்திருந்த பதிவேட்டைப் புரட்டினார். டைப்பிஸ்ட்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"எட்டாம் நம்பர் ஓடிப்போனா," என்றார் துப்பறிவாளர் தாயாரிடம். "மறுவாரமே அந்த நம்பரை வேற பொண்ணுக்குக் கொடுத்திருக்கீங்க. விடுதலையானவங்க நம்பரும் அப்படித்தான் கைமாறியிருக்கு. முப்பத்திரண்டு காய்ச்சல்ல செத்துட்டா. அந்த நம்பரை அப்புறம் யாருக்கும் கொடுக்கல, அதான் கொக்கியும் தேயல. செத்தவ நம்பர்னா மத்த பொண்ணுங்க பயப்படுவாங்க, இல்லையா?"

துப்பறிவாளர் இன்னொரு பக்கத்தைத் திருப்பினார்.

"பத்தொன்பதையும் யாருக்கும் கொடுக்கல. ஆனா ஓடிப்போனதா எழுதியிருக்கீங்க. பேனா பொய் சொல்லிடுச்சு. அவ நம்பர் ஏப்ரனை இன்னொருத்தி கழுத்துல மாட்டத்தான் உங்களுக்குக் கை வரல."

தாயார் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "சுவரேறிக் குதிக்கப் பார்த்தா. ஈரத்துணியோட ரெண்டு நாள் அறையில அடைச்சேன். கதவைத் திறந்தப்போ மூச்சு இல்ல. துணி காயப்போடுற முற்றத்துலதான் புதைச்சோம்."

"எதுக்குச் சுவரேறினா?" என்று கேட்டாள் தங்கை.

"தங்கச்சி தனியா இருக்கான்னு அழுதா. ஒரு தடவை பார்த்துட்டுத் திரும்பி வந்துடறேன்னு என் காலைப் பிடிச்சா."

தங்கை முற்றத்தின் படி வரைக்கும் விறுவிறுவென்று நடந்தாள். அங்கே அப்படியே நின்றுவிட்டாள்.

"அவளைத் திட்டாத நாளே இல்லையே சார்," என்றாள். பிறகு தாயாரிடம் திரும்பினாள். "எந்த இடம்னு சரியாச் சொல்லுங்க. நான் மிதிச்சிடக் கூடாது."