சூடானால் நின்றுவிடும்

புது பிக்கப் வண்டி. வாங்கி ஒரு மழைக்காலம்கூட முழுசாகத் தாண்டவில்லை. அதற்குள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வர ஆரம்பித்துவிட்டது. டிக், டிக், டிக், டிக். பொறுமையிழந்த யாரோ தகரக் கதவை நகத்தால் தட்டுவதுபோல. தெருமுனை தாண்டுவதற்குள் தட்டலின் வேகம் குறையும், பிறகு ஒன்றிரண்டு தட்டல், அப்புறம் சுத்தமாக நின்றுவிடும்.

சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சேரும்போது வண்டி சூடாகியிருக்கும். "நல்லாத்தானே ஓடுது மேடம்" என்பார்கள். அவளும் விடாமல் ஒரு ராத்திரி வண்டியை அங்கேயே விட்டுப் பார்த்தாள். காலையில் அவர்கள் ஸ்டார்ட் செய்தபோது வண்டி சமர்த்தாக இருந்தது. சூப்பர்வைசர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வீட்டுல தனியா இருக்கீங்களா?" என்று கேட்டார். வண்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாய் வரை வந்தது. சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

தனியாகத்தான் இருந்தாள். கணவர் காலமான பிறகு அவருடைய பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு இதை வாங்கினாள். ஆபீஸ்களுக்குத் தொட்டிச் செடிகளை வாடகைக்குக் கொடுப்பதும், வாடியதை எடுத்துக்கொண்டு தளிர்த்ததை வைப்பதும்தான் தொழில். "செடிக்காரம்மா வந்தாச்சு" என்று முதல் கட்டடத்துக் காவல்காரர் சொல்லி, அதற்கு இவள் பதில் சொன்னால்தான் அன்றைக்கு அவள் வாய் திறந்ததாகக் கணக்கு.

வேறு வழியில்லாமல் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் வேறொரு ஊரில் மெக்கானிக். நல்லது கெட்டதுக்கு மட்டும் பேசிக்கொள்வார்கள்.

"இதுக்கெல்லாம் பயப்படலாமா அக்கா?" என்றான். "ராத்திரி பூரா நின்னா இரும்பு குளிர்ந்து சுருங்கும். புகை போற பாதையில மயிரிழை மாதிரி ஒரு சந்து விழும். அது வழியா காத்து அடிச்சா இந்தச் சத்தம். சூடானா இரும்பு விரியும், சந்து மூடிக்கும், சத்தம் நின்னுடும்."

"மூடுறப்போ உள்ளே ஏதாவது மாட்டிக்காதா?"

"என்னத்த மாட்டும்? காத்து மாட்டும்" என்று சிரித்தான்.

அதிலிருந்து தினமும் காலையில் அவன் கூப்பிட்டான். ஆயில் பார்த்தியா, ரேஸ் பண்ணினா வேகமாகுதா, வலது பக்கமா இடது பக்கமா. பேச்சோடு பேச்சாக, சாப்பிட்டியா என்பான். அந்தச் சத்தம் சீக்கிரம் சரியாகிவிட வேண்டாம் என்று அவளுக்கு ஒரு மூலையில் ஆசை இருந்தது. அதை நினைத்துத் தனக்குத்தானே வெட்கப்பட்டாள்.

பனி கனமாக இறங்கியிருந்த ஒரு காலையில் அவன் சொன்னபடி, செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் ஒரு துண்டு வெட்டி, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டாள். போன் பக்கத்துத் தொட்டியின் விளிம்பில், ஸ்பீக்கரில். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டை ஒட்டிய ஷெட்டுக்குள் ஈரமண்ணும் எரிபொருளும் கலந்த வாசனை. குழாயின் மறுமுனை எஞ்சினின் மேல்பக்கம் போனபோது தையல் மெஷின்போல மெல்லிய படபடப்பு. அது இருக்கத்தான் செய்யும், விடு என்றான் தம்பி. புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்துக்கு நகர்த்தியதும் அந்தத் தட்டல் காதுக்குள்ளேயே விழுந்தது. அவ்வளவு கிட்டத்தில். ஒவ்வொரு தட்டலுக்கும் பின்னால் இன்னொன்றும் கேட்டது; நாள் பூராவும் ஓடிக் களைத்த எதுவோ மூச்சை இழுப்பது மாதிரி.

"அங்கதான் அக்கா. ஒரு டிஷ்யூ பேப்பரைக் கிட்ட காட்டு. காத்து வெளியே தள்ளும், பேப்பர் படபடக்கும்."

காட்டினாள். பேப்பர் படபடக்கவில்லை. இரும்போடு போய் ஒட்டிக்கொண்டது. பிறகு அவள் விரல்களுக்கிடையிலிருந்து நழுவி, இல்லாத சந்து வழியாக, அவசரமே இல்லாமல் உள்ளே போனது. கடைசி ஓரம் வரைக்கும்.

"தம்பி, பேப்பர் உள்ளே போயிடுச்சு."

"வண்டியை நிறுத்து" என்றான்.

போனை எடுத்துக்கொண்டு, வண்டிக் கதவைத் திறந்து, சாவியைத் திருப்பி உருவினாள். எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கி அடங்கியது. கூரைத் தகரத்திலிருந்து பனி சொட்டும் சத்தம் மட்டும்.

"நிறுத்திட்டேன்."

"இல்லையே, ஓடுதே. எனக்குக் கேக்குது."

"சாவி என் கையில இருக்குடா."

"டிக் டிக்குனு கேக்குது அக்கா. போன்கிட்டயே கேக்குது."

திரும்பிப் பார்த்தாள். அடுக்கிய தொட்டிகள். பூவாளி. பாதி திறந்த கதவுக்கு வெளியே வெள்ளையாகப் பனி. எதுவும் அசையவில்லை. போனை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அது அவள் கைகளுக்குள் மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது.

"இப்ப நின்னுடுச்சு" என்றான் தம்பி. "லைன்ல ஏதோ கோளாறு." அவன் குரல் அவன் குரலாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனே வந்தான். எல்லாவற்றையும் கழற்றினான். ஒரு போல்ட் தலை உடைந்திருந்தது. புதுசு போட்டு, இடையில் சந்தை அடைக்கும் கேஸ்கெட்டையும் மாற்றினான். பேப்பரைப் பற்றிக் கேட்டதற்கு, அவள் முகத்தைப் பார்க்காமல், "எரிஞ்சு போயிருக்கும்" என்றான். இன்னிக்கு ஒரு நாள் இருந்துட்டுப் போயேன் என்றாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கிளம்பிவிட்டான்.

மறுநாள் வண்டி சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆனது. "சத்தமே இல்லை" என்று போன் செய்தாள். "அப்ப சரி அக்கா, வச்சிடட்டுமா?" என்றான். அதோடு காலைப் போன்களும் நின்றன. காவல்காரர் வரைக்கும் மறுபடி வாய் மூடிய காலைகள்.

பனி இன்னும் கூடியது. ஒருநாள், வெளிச்சம் வரலாமா வேண்டாமா என்று ஜன்னலில் நிற்கிற நேரத்தில், அவளுக்கு விழிப்பு வந்தது.

டிக், டிக், டிக், டிக்.

முதலில், யாரோ வண்டியை எடுக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். எஞ்சின் ஓடவில்லை. தட்டல் மட்டும். ஷெட்டுக்கும் இந்த அறைக்கும் நடுவே இருக்கும் சுவரிலிருந்து. அப்புறம் சுவரிலிருந்து இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம்.

கண்ணை மூடிக்கொண்டாள். சின்னப்பிள்ளைபோல.

முதுகுக்குப் பின்னால். மெத்தைக்குள். வேகமாக. போர்வையை வாய்வரை இழுத்துக்கொண்டாள். தம்பிக்குப் போன் செய்யலாம். போன் மேஜையில். மேஜை அந்தப் பக்கம்.

வேகம் குறைந்தது.

ஒன்று.

நெடுநேரம் கழித்து, இன்னொன்று.

நின்றது.

சூடானால் நின்றுவிடும். அந்த வார்த்தை அவள் நினைக்காமலே வந்தது. எது சூடானது?

அந்தப் பக்கம் அவர் படுத்த பக்கம். ஒரு வருஷமாக அங்கே விரிப்பு கலைந்ததில்லை. திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். விரல் பட்டது.

வெதுவெதுப்பாக இருந்தது.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகை. "வந்துட்டீங்களா?" என்றாள். மாதக்கணக்கில் அந்த அறையில் யாரும் பேசாத பேச்சு.

உள்ளங்கையை மெதுவாக நகர்த்தினாள். தலையணை, சூடு. தோள் இருக்க வேண்டிய இடம், சூடு. இடுப்பு. முழங்கால். அவர் பாதம் எங்கே முடியும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் குளிர்காலத்தில் தன் பாதத்தை வைத்துத் தேடிய இடம். காலை நீட்டினாள்.

அங்கே முடியவில்லை.

கட்டிலின் விளிம்புவரை சூடு. விளிம்பைத் தாண்டித் தொங்கும் விரிப்பில் சூடு. அதற்கும் அப்பால், சுவரில் பட்ட அவள் கால்விரலுக்குக் கீழே, சுண்ணாம்பு தோல்போல வெதுவெதுப்பாக, மெல்ல ஏறி இறங்கியது.

காலை இழுத்துக்கொண்டாள். அசையாமல் கிடந்தாள்.

பின்னால் மெத்தை அழுந்தியது. சத்தமே இல்லாமல், அந்தப் பேப்பர்போல, அவள் உடம்பு அந்தப் பக்கமாகச் சரியத் தொடங்கியது.