முழங்கால் எல்லை

அன்று காலை அமலோற்பவத்தின் வாசல் விளக்கு மஞ்சளாக எரிந்தது.

கையிலிருந்த வாளியை வைத்துவிட்டு அதையே பார்த்தாள். முந்தின மாலை நீலமாகத்தான் இருந்தது. கோரைத்தீவின் மேற்குக் கரையில் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் இப்படி ஒரு விலைவிளக்கு உண்டு. விடிந்ததும் அளவுத்தும்பி என்ற பறக்கும் கருவி கரையோரமாகப் போகும். அலை வந்து மனையைத் தொட்டால் விளக்கு நீலமாகும். மனையின் முன்னால் தண்ணீர் தேங்கிக் கிடந்தால் மஞ்சள். நீல மனைக்கு வாங்க ஆள் வரும், மஞ்சள் மனைக்குக் கொசு வரும். ஊரில் எல்லோரும் பல் தேய்ப்பதற்கு முன்பே விளக்கைப் பார்க்கப் பழகியிருந்தார்கள்.

வேலி ஓரம் போய் நின்றாள்.

"பிலோமி! நேத்து வித்து போட்டியா?"

பிலோமி அவள் நாத்தனார், பக்கத்து மனைக்காரி. கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"போட்டேன் மைனி. எங்கரையிலதான போட்டேன்?"

"உங்கரை வளந்து மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கி. அலை எப்படி எங்கிட்ட வரும்? பாரு, குட்டையாக் கெடக்கு."

"அலைகிட்ட நானா போவாதன்னு சொன்னேன்? நீங்களும் போட்டு எனக்கு முன்னால போங்க. கடலுக்கு என்ன, பஞ்சமா?"

கரைவித்து முதலில் தீவைக் காப்பாற்றத்தான் வந்தது. கடல் மட்டம் ஏறி, கரையைக் கடித்துக்கொண்டே இருந்த காலம். வித்து என்றால் சாம்பல் நிறத் தூள். அதற்குள் நுண்ணுயிரிகள் உறங்கிக் கிடக்கும். யூரியா கலந்து ஆழமில்லாத தண்ணீரில் தூவினால் விழித்துக்கொண்டு, கடல் நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பைப் பிரித்து மணலோடு மணலை ஒட்டிவிடும். சில நாளில் காலடியில் கெட்டித் தரை. நீரோட்டம் அதன் மேல் மணலைச் சேர்க்க, தரை உயரும். தீவு மூழ்காது என்று ஆனதும் மிதவை விடுதிக்காரர்கள் வந்தார்கள். படகுத்துறையில் பெரிதாகப் பலகை வைத்தார்கள்: 'நடந்து வர முடியாத ஊர்.' நெரிசலான ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதும், கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பின்னால் வந்த ஓய்வுத்தீவுச் சட்டமும் அதையே சொன்னது. மனிதர் நடந்து கடக்க முடியாத நீர் சூழ்ந்த நிலமே ஓய்வுத்தீவு. விடுதி உரிமம், மனை விலை எல்லாம் அதன் மேல்தான் நின்றன.

வளரும் தரை யாருக்கு என்பதில் சிக்கல் இல்லை. ஊரின் பழைய வழக்கம் தீர்த்து வைத்தது. வீட்டுக்காரர் வாசலிலிருந்து நேராகக் கடலில் இறங்க வேண்டும். தண்ணீர் முழங்காலைத் தொடும் இடம் வரை அவர் கரை. படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் வைத்த கணக்கு அது. சட்டம் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் சேர்த்தது: அந்த வீட்டில் குடியிருப்பவருக்கே முழங்கால் உரிமை.

அந்த ஒன்றுதான் அமலோற்பவத்தைக் கட்டிப் போட்டிருந்தது. கணவன் தொபியாஸுக்குத் தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனி வேலை. மகள் ஆன்சிக்கு அங்கேயே பள்ளிக்கூடம். இவள் மட்டும் விலைவிளக்குக்குக் காவலாக இங்கே.

போன முறை கச்சான் என்னும் மேற்குக் காற்று அடித்தபோது ஆன்சிக்குக் காய்ச்சல் கண்டது. படகு விடவில்லை. தொலைபேசியில் அந்தப் பிள்ளை "அம்மா, எப்ப வருவ?" என்று கேட்டது. அமலோற்பவம் கரையில் மேலும் கீழும் நடந்தாள். எதிரே இடைக்கடல். அதற்கப்பால் பெருநிலத்தில் தூத்துக்குடி போகும் சிவப்புப் பேருந்து வந்து நின்று, திரும்பி, போவது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. காய்ச்சல் தானாக இறங்கிவிட்டது. இவள் கால்கள் மட்டும் அதற்குப் பிறகு ஓரிடத்தில் நிற்கவில்லை. உலை வைத்துவிட்டு நடப்பாள். ஜெபமாலை சொல்லும்போதும் நடப்பாள்.

தரகர் கனகராசு மத்தியானம் வந்தார். விளக்கைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"என்னக்கா இது? புதன்கிழமை பதிவை வச்சுக்கிட்டு விளக்கு மஞ்சக் காமாலை வந்து நிக்கி!"

"பிலோமி வேலை அண்ணாச்சி."

"யார் வேலையா இருந்தா என்ன? வாங்குறவங்க ஆளே நேர்ல வாராங்க. அவங்க கண்ணுல நீலம் படணும், நீங்க கடல்ல எறங்கி அளக்கையில உங்க முட்டுல தண்ணி படணும். ரெண்டும் நடந்தா அன்னைக்கே நீங்க தூத்துக்குடி."

அமலோற்பவம் இரண்டு மூட்டை வித்து வாங்கி, ஆளே வைக்காமல் தானே தூவினாள். பிலோமியின் மூக்கைத் தாண்டும் வரை தூவினாள். பிலோமி மறுநாள் மூன்று மூட்டை இறக்கினாள். அதற்கு அடுத்த வீட்டுக்காரரும் சும்மா இருக்கவில்லை. கரை முழுக்க யூரியா வாடை அடித்தது. மேற்கே தரை தட்டுகிறது என்று படகுகள் எப்போதோ கிழக்குத் துறைக்கு மாறிவிட்டன. காற்று சரியில்லாமல்தான் மாறின என்று ஊர் நினைத்துக்கொண்டது. எல்லோரும் தங்கள் காலடியிலிருந்து பக்கத்து வீட்டு மூக்கு வரைதான் பார்த்தார்கள்.

புதன்கிழமை விளக்கு நீலமாக எரிந்தது. அமலோற்பவம் துணிப்பையில் இரண்டு சேலையும் ஆன்சிக்கு வாங்கிய கருப்பட்டி மிட்டாயும் எடுத்து வைத்துக்கொண்டாள். பதிவு முடிந்ததும் அப்படியே படகேறிவிட வேண்டும்.

நீர் வற்றும் வேளை. வாங்குகிறவர்களின் ஆளாக ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். அளவுத்தும்பி அமலோற்பவத்தின் தலைக்கு மேல் வந்து ரீங்கரித்தது. "உரிமையாளர் நடக்கலாம்" என்றது.

"மைனி, பையைத் தூக்கிக்கிட்டா கடல்ல எறங்குவாங்க?" வேலி ஓரத்திலிருந்து பிலோமி சிரித்தாள். "கோட்டி பிடிச்சிட்டா?"

"ஆமா. கீழ வச்சா அது மேலயும் நீ வித்து போட்டுருவ."

இறங்கினாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. காலுக்கடியில் சேறு இல்லை, சிமெண்டுத் தரை போலக் கெட்டியாக இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். கெண்டைக்கால் வரை ஏறிய தண்ணீர் அதற்கு மேல் ஏறவில்லை. சரி, இன்னும் கொஞ்சம். மறுபடி கணுக்காலுக்கு இறங்கிவிட்டது.

"அக்கா, போதும்ல?" கனகராசுவின் குரல்.

"முட்டு நனையல அண்ணாச்சி!"

நடந்தாள். இதுவரை மனை விற்றவர்கள் யாரும் இவ்வளவு தூரம் வந்ததில்லை. திரும்பிப் பார்த்தபோது வீடு தீப்பெட்டியாகத் தெரிந்தது. குடையைக் காணவில்லை. தரகர் தண்ணீரில் ஓடி வந்துகொண்டிருந்தார், செருப்பு கையில்.

"அக்கா! நில்லுங்க! அங்கேயே நில்லுங்க!" மூச்சு வாங்கியது. "தாண்டிராதீங்க. லேசா மண்டி போடுங்க. தும்பிக்கு முட்டுல தண்ணி பட்டாப் போதும், நிக்கீங்களா குனியிறீங்களான்னு அதுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் மட்டும் போயிட்டீங்கன்னா..."

அவர் முடிக்கவில்லை. தேவையும் இல்லை. அமலோற்பவம் எதிர்ப்பக்கம் பார்த்தாள். பெருநிலம் இவ்வளவு கிட்டத்தில் எப்போது வந்தது? பனைகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. அவள் நடந்து கடந்துவிட்டால் இது ஓய்வுத்தீவு இல்லை. பிலோமியின் மனை, அடுத்த மனை, விடுதிகள், பலகை, எதுவும் இல்லை. அவளுடையதும்தான்.

குனிந்தாள். இரண்டு முழங்காலையும் மடக்கினாள். தண்ணீர் முழங்காலைத் தொட ஒரு விரல் அளவே இருந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் போதும். இன்றே பதிவு, இன்றே படகு. காற்று இருந்தால் நாளைப் படகு. அதுவும் விடாவிட்டால் அடுத்த நாள்.

சிவப்புப் பேருந்து வந்து நிறுத்தத்தில் நின்றது. கண்ணாடிகள் பளிச்சிட்டன.

அவள் நிமிர்ந்தாள். கால்கள் தாமாகவே நடக்கத் தொடங்கின.

"அக்கா! ஊரு நாசமாப் போயிரும்க்கா!"

எதிரிலிருந்து ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் வந்தார். அவர் தலைக்கு மேலும் ஒரு தும்பி. இருவரும் நடுவில் முகத்துக்கு முகம் நின்றார்கள்.

"எங்கம்மா வர்ற?"

"அளக்க வந்தேன். முழங்கால் நனையிற வரைக்கும்."

அவர் தன் தலைக்கு மேலிருந்த தும்பியைக் காட்டினார். "நானும் அதுக்குத்தாம்மா. தீவு தெரியிற மனைன்னு எங்க பக்கமும் வித்து போட்டு வளத்தோம். நல்ல விலைன்னாங்க." தன் காலைப் பார்த்தார், பிறகு அவள் காலை. "அப்ப நீ அந்த ஊரா?"

"ஆமா."

இரண்டு தும்பிகளும் நெருங்கி ஒன்றையொன்று சுற்றின. "எல்லை இல்லை" என்றது ஒன்று. "தொடர் நிலம்" என்றது மற்றது. கோரைத்தீவின் கரையில் நீலப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பிலோமியின் விளக்கும் அணைந்திருக்கும். என்னவோ கத்துகிறாள், காற்றில் சொல் மட்டும் வரவில்லை.

அவர் தலையைச் சொறிந்தார். "நடந்தே போவலாம்னு ஆயிட்டா இனி உங்க ஊருக்கு யாரும்மா வருவா?"

"வர மாட்டாங்க." அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அண்ணாச்சி, அந்த பஸ்ஸு எப்பக் கெளம்பும்?"

"டிரைவர் டீ குடிக்காரு. ஓடுனாப் பிடிச்சிரலாம்."

ஓடினாள். தண்ணீர் தீர்ந்தது, மணல் தீர்ந்தது, தார்ச்சாலை வந்தது. பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபோதுதான் ரீங்காரம் கேட்டது. அவளுடைய தும்பி திரும்பிப் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே, அவள் முழங்காலுக்கு நேராக மிதந்துகொண்டிருந்தது. உரிமையாளரின் முழங்கால் இன்னும் நனையவில்லை. நனையும் வரை அவள் கடப்பதெல்லாம் அவள் கரை.

பேருந்து புறப்பட்டது. விலை இல்லாத நிலத்தை ஊர் ஊராக அவள் பேரில் எழுதிக்கொண்டு, தும்பி பின்னாலேயே வந்தது.