ஈரத் தகட்டை எங்கே வைத்தார்?

பட்டறைக்கார அக்கா உள்ளே வந்ததும் கையிலிருந்த இரும்புத் தகட்டை மேசைமேல் டொக்கென்று வைத்தார்.

"நாளைக்குக் காலைல விசாரணை சார். காப்புரிமை போச்சுன்னா பெரிய ஆலைக்காரங்க என் முறையை எடுத்துக்குவாங்க. பட்டறை, ஆறு பேரு வேலை, எல்லாம் அம்போ!"

முன்னாள் காப்புரிமைப் பரிசோதகரான ‘லென்ஸ்’ தகட்டைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய உதவியாளர் அதற்குள் நோட்டில் ‘திருடன் யார்?’ என்று எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டார்.

"திருட்டெல்லாம் இல்லப்பா," என்றார் அக்கா. "துருப்பிடிக்காம இருக்க ஒரு பூச்சு. பூசின ஈரத்தோடயே சூடான அடுப்புக்குள்ள வெச்சிடுவேன். ரெண்டு மடங்கு தாங்குது. ‘பூச்சும் பழசு, அடுப்பும் பழசு, சேர்க்கிறதுக்கு என்ன மூளை வேணும்? எவனுக்கும் தோணும், அதுக்கெல்லாம் காப்புரிமை கிடையாது’ங்கிறார் ஆலைக்காரங்க நிபுணர்."

"மத்தவங்க எப்படிக் காய வைப்பாங்க?" என்று கேட்டார் லென்ஸ்.

"ஒரு நாள் முழுக்க மின்விசிறிக் காத்துல. ஈரத்துல சூடு பட்டா உரிஞ்சிடும்னு எல்லாருக்கும் பயம். நானே அம்பது தகடு பாழாக்கித்தான் சரியான சூட்டைப் புடிச்சேன்."

"நாளைக்கு அடுப்பு, மின்விசிறி, ரெண்டும் கொண்டு வாங்க."

"மின்விசிறி நல்ல யோசனை சார்," என்றார் உதவியாளர். "எனக்கு இப்பவே வேர்க்குது."

மறுநாள் விசாரணையில் நிபுணர் அரை மணி நேரம் வெளுத்து வாங்கினார். முப்பது வருட அனுபவம். விசாரித்த காப்புரிமை அதிகாரி தலையாட்டித் தலையாட்டி எழுதினார். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. உதவியாளர் கடிக்க நகம் மிச்சமில்லாமல் பேனா மூடிக்குத் தாவினார்.

லென்ஸ் மட்டும் நிதானமாக ஒரு தகட்டில் பூச்சைப் பூசி, பேசிக்கொண்டிருந்த நிபுணரிடம் நீட்டினார். "இதைக் கொஞ்சம் காய வெச்சிட்டுப் பேசுங்களேன்."

கையெட்டும் தூரத்தில் அடுப்பு, கதவு திறந்தபடி தகித்தது. பேச்சை நிறுத்தாமலே நிபுணர் தகட்டை வாங்கினார். அனல் படாமல் உள்ளங்கையால் மறைத்தார். அடுப்பைச் சுற்றிக்கொண்டு போய், மூலையில் ஓடிய மின்விசிறியின் முன்னால் பதமாகச் சாய்த்து வைத்தார்.

அதிகாரி எழுதுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எவனுக்கும் தோணும்னீங்க," என்றார் லென்ஸ். "உங்க கைக்குத் தோணலையே. அடுப்பு கிட்டத்துலதான் இருந்தது. அதுக்குப் பயந்து சுத்திப் போனீங்க. முப்பது வருஷமா இந்தத் தொழிலே அந்தப் பயத்துலதான் சுத்திப் போயிருக்கு. நேரா உள்ள வெச்சது இந்தம்மா ஒருத்தர்தான்."

நிபுணர் தன் கையையே வெறித்தார். அக்காவுக்கே பாவமாக இருந்தது.

"எவ்வளவு சூடுன்னு என் மனுவுலயே எழுதியிருக்கேனே சார். படிக்கலையா?"

"படிச்சேன்மா," என்றார் நிபுணர் மெல்ல. "நம்பத்தான் முடியல."

அதிகாரி அதுவரை எழுதியதை அடித்துவிட்டு, ‘நம்பத்தான் முடியல’ என்ற அந்த ஒரு வரியை மட்டும் குறித்துக்கொண்டார்.